வேலையின்மை 2 விழுக்காடு, பணவீக்கம் 1க்கும் கீழே: அப்புறம் ஏன் வீட்டுக் கணக்கு உதைக்கிறது?

செங்காங்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகன் தொடக்கநிலை ஒன்று. இப்போதைக்கு அம்மா அப்பா வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு புளோக் தள்ளி ஒரு நாலறை மறுவிற்பனை வீடு வந்திருக்கிறது, 600,000 வெள்ளி சொல்கிறார்கள். வாங்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா என்று சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சு.

சரி, சிங்கப்பூர்ப் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று உட்கார்ந்தேன். 2025 முழுவதற்கும் பணவீக்கம் 0.9 விழுக்காடு. மூலாதாரப் பணவீக்கம் 0.7. ஒட்டுமொத்த வேலையின்மை 2ஐ ஒட்டியே நிற்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை விலைக் குறியீடு 2025ல் 2.9 விழுக்காடு ஏறியதோடு சரி, கடைசிக் காலாண்டில் அசையவே இல்லை. தாளில் பார்த்தால் குறையே இல்லாத ஊர்.

ஆனால் என் அலுவலகத்தில் போன வருடம் ஒரு குழுவையே அனுப்பிவிட்டார்கள். மளிகை பில் இறங்கின பாடில்லை. அந்த 600,000 வீட்டுக்குப் பக்கத்து வீடு 2019ல் என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பார்த்தேன், வயிறு எரிந்தது. எந்த நம்பரை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புள்ளிப்புலி

நம்பர் எதுவும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிற கேள்விக்கு அவை பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுப்போம். முதலில் விலைவாசி.

0.9 என்பது ஓராண்டில் எவ்வளவு ஏறியது என்பது. நீங்கள் கடையில் கொடுப்பது அந்த ஏற்றத்தை அல்ல, ஏறி நின்ற விலையை. வருடக் கணக்கைப் பாருங்கள்: 2021ல் 2.3, 2022ல் 6.1, 2023ல் 4.8, 2024ல் 2.4, 2025ல் 0.9. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் 2020ஐவிட ஏறத்தாழ 17.5 விழுக்காடு மேலே நிற்கிறோம். 2020ல் 100 வெள்ளிக்கு வாங்கியது இப்போது 117 வெள்ளி 50 காசு. கடைசி வருடம் ஏற்றம் அடங்கியது என்பதால் முந்தைய நான்கு வருட ஏற்றம் திரும்பிப் போய்விடாது. அது விலைக்குள் குடியேறிவிட்டது.

இடையில் பொருள் சேவை வரி வேறு 2023 ஜனவரியில் 7லிருந்து 8, 2024 ஜனவரியில் 9. வரி ஏறிய பன்னிரண்டு மாதத்துக்கு அது பணவீக்க விகிதத்தில் தெரியும். பதின்மூன்றாம் மாதம் விகிதத்திலிருந்து மறைந்துவிடும். பில்லில் மட்டும் இருக்கும்.

---

உட்லண்ட்ஸ் மாமா

நம்பரெல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. எங்கள் புளோக் கீழே பரோட்டாக் கடையில் வந்து அந்த 0.9ஐச் சொல்லிப் பாருங்கள். கொசோங், அதுதான் வெறும் பரோட்டா, விலையை ஏற்றியதோடு ஆளும் இளைத்துவிட்டான், தட்டுக்கு நடுவில் ஈரத்துணி மாதிரி கிடக்கிறான். வட்டம் சுருங்கியதற்கு ஏதாவது குறியீடு உண்டா?

---

புள்ளிப்புலி

உண்டு மாமா, சிரிக்காதீர்கள். அளவு குறைந்து விலை அப்படியே இருந்தால் அதை விலையேற்றமாகக் கணக்கிடுவதுதான் முறை. பொட்டலத்தில் வரும் சாமான்களுக்கு இது சரியாகவே நடக்கும். பரோட்டாவைத் தராசில் வைப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

---

தேக்காக் கணக்கு

நான் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். கொள்முதல் பில்கள் கையில் இருப்பதால் சொல்கிறேன்.

நம்மவர்கள் 'எனக்கு மட்டும் ஏன் ஏறுகிறது' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, பாசுமதி தவிர. ஆகஸ்ட் கடைசியில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. சிங்கப்பூருக்கு அரிசி அனுப்பத் தனியாக அனுமதி கொடுத்தார்கள் என்றாலும் அந்த வரி இட்லி அரிசி, பொன்னி மூட்டையில் நேராக வந்து உட்கார்ந்தது. அதே ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு வரி. டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. அது 2024 மே மாதம்தான் நீங்கியது. புழுங்கல் அரிசி வரி 2024 செப்டம்பரில் பாதியாகி, அக்டோபரில் முழுசாகப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலைக் குறியீட்டில் உணவுக்கான எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி வெளியே வாங்கிச் சாப்பிடுவதற்கு. காப்பிக்கடை, உணவங்காடி, உணவகம். வீட்டுச் சமையல் சாமானுக்கு மீதி. அந்த மீதியிலும் அரிசி ஒரு சிறு துளி, ஏனென்றால் சராசரி சிங்கப்பூர்க் குடும்பம் நம்மைப் போல வாரம் முழுக்க மாவு அரைப்பதில்லை. பொன்னி ஏறினால் நம் வீட்டில் சத்தம் கேட்கும், குறியீட்டுக்குக் காதிலேயே விழாது. வரி போன பிறகு மொத்த விலை இறங்கியது உண்மை. சில்லறை விலை அதே வேகத்தில் இறங்கியதா என்று கேட்டால், என் முதலாளியும் இந்தப் பக்கம் வருவார், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

---

செங்காங்வாசி

ஹாஹா, புரிகிறது அண்ணே. ஆனால் வீடு? வீட்டு விலை இப்படி ஏறியும் பணவீக்கம் எப்படி இவ்வளவு கீழே?

---

புள்ளிப்புலி

ஏனென்றால் வீட்டு விலை அதில் இல்லவே இல்லை. இது பலருக்கும் தெரியாது.

வீடு வாங்குவது முதலீடு, நுகர்வு அல்ல என்பது புள்ளிவிவரத் துறை எடுத்துக்கொள்ளும் நிலை. அதனால் நீங்கள் கொடுக்கப்போகும் 600,000மும் குறியீட்டில் வராது, மாதாமாதம் கட்டும் கடன் தவணையும் வராது. அதற்குப் பதிலாக, சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக ஒரு கணக்கு வைப்பார்கள். சந்தையில் அதே மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை போகிறதோ அதை வைத்து மதிப்பிடுவது. இங்கே பத்துக் குடும்பத்தில் ஒன்பது சொந்த வீட்டில் இருப்பதால் இந்தக் கற்பனை வாடகைக்குக் கணிசமான எடை. வாடகை ஏறினால் பையிலிருந்து ஒரு காசும் போகாத குடும்பத்துக்கும் 'செலவு' ஏறியதாகக் கணக்கு வரும்.

நாணய ஆணையம் பார்க்கும் மூலாதாரப் பணவீக்கம் இதையும் தள்ளிவிடும். தங்குமிடச் செலவும் தனியார் போக்குவரத்தும் அதில் கிடையாது. 2023 அக்டோபரில் சிறிய கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனது ஞாபகம் இருக்கும். அது மொத்தப் பணவீக்கத்தை ஆட்டும், மூலாதாரத்தைத் தொடாது. கார் வாங்காத, வாடகைக்கு இல்லாத உங்களைப் போன்ற குடும்பத்துக்கு மூலாதார எண்தான் அன்றாடச் செலவுக்கு நெருக்கம். 2023 தொடக்கத்தில் அது 5.5 வரை போய்த்தான் இறங்கியது.

ஆக, 'வீடு வாங்கலாமா' என்ற கேள்வியோடு பணவீக்க அறிக்கையைப் புரட்டினால் எதுவும் கிடைக்காது. அந்தக் கதவை மூடிவிடுங்கள்.

---

எஸ்பாஸ் தம்பி

அண்ணன்மார்களே, வாடகைக்கு இருக்கிறவன் கதையையும் கேளுங்கள். நான் எஸ்பாஸ் என்ற வேலை அனுமதி அட்டையில் 2021ல் வந்தேன். 2022ல் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரம்மா ஒரே மூச்சில் அறை வாடகையில் முந்நூறு வெள்ளியைக் கூட்டினார். 'எல்லா இடத்திலும் அப்படித்தான்' என்றார். விசாரித்தால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தது. எனக்கு அந்த வருடப் பணவீக்கம் 6.1 இல்லை, அதற்கு எவ்வளவோ மேலே.

இன்னொன்று, நான் தினமும் பார்க்கும் குறியீடே வேறு. வெள்ளிக்கு எத்தனை ரூபாய். 2020ல் 53, 54 என்று இருந்ததாம், 2025 கடைசியில் 69ஐத் தொட்டது. ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அதுதான் சம்பள உயர்வு.

---

புள்ளிப்புலி

தம்பி சொல்வது சரி. தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 2022ல் மட்டும் 29.7 விழுக்காடு ஏறியது. 2023ல் 8.7. 2024ல் 1.9 விழுக்காடு இறங்கியது. பணவீக்கக் கணக்கில் வாடகை மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. சந்தை வாடகை புது ஒப்பந்தத்தின் விலை. புதிதாகக் கையெழுத்துப் போடுகிறவன் முதல் நாளே முழு அடியையும் வாங்குகிறான்.

நீ சொன்ன ரூபாய்க் கதை தற்செயல் இல்லை. இங்கே நாணய ஆணையம் வட்டி விகிதத்தை வைத்துக் கொள்கை நடத்துவதில்லை. 1981லிருந்து வெள்ளியின் மாற்று விகிதத்தை வைத்துத்தான். வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அதற்கு எதிராக வெள்ளி எவ்வளவு வேகமாக ஏறலாம் என்று தீர்மானிப்பார்கள். அரிசியிலிருந்து மின்சாரத்துக்கான எரிவாயு வரை இறக்குமதி செய்கிற ஊர். வெள்ளி வலுவாக இருந்தால் வெளியூர் விலையேற்றத்தில் ஒரு பகுதி கப்பலிலேயே கரைந்துவிடும். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அந்த ஏற்றத்தின் வேகத்தைச் சற்றுக் குறைத்தார்கள்.

---

ஜூரோங் அக்கா

வேலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன், ஏனென்றால் அந்தப் புள்ளிவிவரத்துக்குள் நான் இருந்திருக்கிறேன்.

ஜூரோங்கில் ஒரு பெரிய கிடங்கு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு 'சின்ன மீட்டிங்' என்று கூப்பிட்டார்கள். மேசையில் கடித உறைகள் வரிசையாக, பெயர் அச்சடித்து. மதியத்துக்குள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நின்றோம். வேலை செய்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை கொடுப்பதுதான் இங்கே வழக்கம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2022ல் ஆட்குறைப்பு 6,440. 2023ல் 14,590. 2024ல் 13,000ஐ ஒட்டி. 2020 கோவிட் வருடத்தில் 26,000க்கு மேல், அதனோடு ஒப்பிட்டால் இதெல்லாம் குறைவுதான். ஆனால் இந்த எண்ணிக்கையில் யார் வருகிறார்கள்? ஒப்பந்தம் முடியும் முன்பே நிறுத்தப்பட்டால் ஆட்குறைப்பு. ஒப்பந்தம் முடிந்து 'புதுப்பிக்கவில்லை, நன்றி' என்றால் அது கணக்கில் இல்லை. என் தோழி ஒருத்தி அப்படித்தான் போனாள், எந்தப் பட்டியலிலும் ஏறாமல்.

எனக்கு முழுநேர வேலை அமையும்வரை ஒரு துணைப்பாட நிலையத்தில் வாரத்தில் சில மாலைகள் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் மனிதவள அமைச்சின் கணக்கெடுப்பு வந்திருந்தால் நான் 'வேலையில் இருப்பவர்'. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே போதும். இது உலகம் முழுக்க உள்ள வரையறை, ஏமாற்று வேலை இல்லை. ஆனால் என் வருமானம் மூன்றில் ஒன்றாக இறங்கியிருந்ததை வேலையின்மை விகிதம் காட்டாது. அதற்கு 'நேரம் போதாத வேலை' என்று தனியாக ஒரு விகிதம் இருக்கிறது, செய்தியில் தலைப்பாக வராது.

செங்காங் தம்பி, நீங்கள் பார்க்கும் 2 விழுக்காடு வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்து. எஸ்பாஸ் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

எஸ்பாஸ் தம்பி

கோபம் இல்லை அக்கா, அதுதான் நிஜம். எனக்கு வேலை போனால் அட்டையை ரத்து செய்வார்கள், 30 நாள் விசிட் பாஸ். அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் திருச்சி விமானம். நான் 'வேலையில்லாதவன்' என்று எந்தக் கணக்கிலும் நிற்க மாட்டேன், ஊரில் போய் நிற்பேன்.

---

புள்ளிப்புலி

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உள்ளூர்வாசிகளின் விகிதத்தை, அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்ததை, பார்க்க வேண்டும். அது 2.8, 2.9 என்று நிற்கிறது. குடிமக்களுக்கு மட்டும் அதைவிட ஒரு துளி மேலே. இதுவும் உலக அளவில் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, வேலையில்லாத ஒருவருக்கு எத்தனை காலியிடம் என்ற விகிதம். 2022 நடுவில் 2.5ஐ ஒட்டி இருந்தது, 2024 டிசம்பரில் 1.64. ஒன்றுக்கு மேல் இருக்கிறவரை ஆளைவிட வேலை அதிகம். ஆனால் இறங்குமுகம் என்பது பேரம் பேசும் பலம் யார் கையில் என்பதைச் சொல்லும். இரண்டாவது, ஆட்குறைப்புக்கு ஆளான உள்ளூர்வாசிகளில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்கள் என்பது. ஏறத்தாழ பத்துக்கு ஆறு. வீட்டுக் கடன் எடுக்கிறவர் மனத்தில் வைக்க வேண்டியது மீதி நான்கு பேரை.

---

சாவிக்கொத்து

வணக்கம், நான் வீட்டு முகவர். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டாதீர்கள்.

சந்தை நிதானமாகிவிட்டது. 2025ல் காலாண்டு வாரியாக 1.6, 0.9, 0.4, பூஜ்யம். காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வீவக கடனுக்கான வரம்பை 80லிருந்து 75 விழுக்காடாக்கினார்கள். புது வீடுகள் நிறைய விற்பனைக்கு விட்டார்கள். 2025ல் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், அதாவது விற்பதற்கு முன் கட்டாயம் குடியிருக்க வேண்டிய காலம், முடிந்த வீடுகள் ரொம்பக் குறைவு. 2026ல் ஏறத்தாழ 13,500 வீடுகள் அந்தக் காலத்தை முடிக்கின்றன. வரத்து கூடினால் விலை ஓடாது. ஆனால் விழும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள் என்பது என் கருத்து. மில்லியன் வெள்ளி வீடுகள் 2024ல் 1,035 விற்றன, 2025ல் இன்னும் அதிகம். செங்காங்கில் நல்ல மாடி, நல்ல திசை கிடைத்தால் விடாதீர்கள்.

---

உட்லண்ட்ஸ் மாமா

வந்துட்டார்யா. ஏறினாலும் வாங்கு, நின்றாலும் வாங்கு, இறங்கினாலும் வாங்கு.

---

புள்ளிப்புலி

முகவர் சொன்ன எண்கள் சரி. மில்லியன் வெள்ளி வீட்டை மட்டும் இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம். 2024ல் மொத்த மறுவிற்பனை ஏறத்தாழ 29,000. அதில் 1,035 என்றால் 3.6 விழுக்காடு. செய்தியாகிறதே தவிர செங்காங் நாலறை வீட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

எனக்குக் கவலை வேறு. மறுவிற்பனைக் குறியீடு 2020ல் 5.0, 2021ல் 12.7, 2022ல் 10.4, 2023ல் 4.9, 2024ல் 9.7, 2025ல் 2.9. பெருக்கிப் பாருங்கள், 2019 கடைசியைவிட ஏறத்தாழ 55 விழுக்காடு மேலே. அதே காலத்தில் முழுநேர வேலையிலுள்ள உள்ளூர்வாசிகளின் இடைநிலைச் சம்பளம் 4,563 வெள்ளியிலிருந்து 5,775க்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ 27 விழுக்காடு. ஐந்து வருடத்தில் விலைவாசி 17.5.

இந்த மூன்றையும் ஒரே வரியில் வையுங்கள். சம்பளம் விலைவாசியை முந்தியிருக்கிறது. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் நடுவில் நிற்கும் ஊழியருக்கு அது உண்மை. வீடு மட்டும் சம்பளத்தை இரண்டு மடங்கு வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறது. 2019க்கு முன் வாங்கியவருக்கு 'வாழ்க்கை பரவாயில்லை'. இப்போது வாங்குகிறவருக்கு 'கணக்கு உதைக்கிறது'. ஒரே ஊர், ஒரே புள்ளிவிவரம், வாங்கிய வருடம்தான் வேறு. செங்காங்வாசி, உங்கள் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் பணவீக்கம் இல்லை, இந்த 55க்கும் 27க்கும் உள்ள இடைவெளி.

அந்த 5,775ல் முதலாளி கட்டும் மசேநியும் (மத்திய சேமநிதி, கட்டாயச் சேமிப்பு) அடக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு முதலாளி பங்கு 17 விழுக்காடு, அதைக் கழித்தால் சம்பளம் 4,936. அதில் ஊழியர் பங்கு 20 போனால் கையில் வருவது 3,949 வெள்ளி. தலைப்புக்கும் பைக்கும் நடுவில் 1,800 வெள்ளிக்கு மேல்.

---

செங்காங்வாசி

இப்படி யாரும் எனக்குப் பிரித்துச் சொன்னதில்லை, நன்றி. சரி, 600,000 வீட்டுக்கு மாதம் என்ன வரும்? முகவரே, மானியத்தையும் சொல்லுங்கள், இருவரும் குடிமக்கள், முதல் வீடு.

---

சாவிக்கொத்து

குடும்ப வருமானம் 14,000க்குள் இருந்தால், நாலறை மறுவிற்பனைக்கு 80,000 மசேநி வீட்டு மானியம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் என்பதால் இன்னும் 20,000. ஆக ஒரு லட்சம். முன்பணம் 25 விழுக்காடு, அதாவது 150,000. அதில் ஒரு லட்சம் மானியத்தில் போய்விடும். ஆனால் மதிப்பீட்டுக்கு மேலே விற்பவர் கேட்டால் அந்த வித்தியாசம் முழுக்க ரொக்கம். அதை மசேநியிலிருந்து எடுக்க முடியாது. விற்கும்போது மானியமும் அதன் வட்டியும் மசேநிக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாமா மறுபடி வருவதற்கு முன்.

---

தேக்காக் கணக்கு

தவணைக் கணக்கு நான் போடுகிறேன், தொழில் அதுதானே. கடன் 450,000, 25 வருடம்.

வீவக கடனுக்கு வட்டி 2.6. மசேநி சாதாரணக் கணக்கின் 2.5க்கு மேல் 0.1 வைப்பது வழக்கம், வெகுகாலமாக மாறவில்லை. மாதத் தவணை ஏறத்தாழ 2,040 வெள்ளி. வங்கிக் கடன் 1.6க்குக் கிடைத்தால் 1,820. மாதம் 220 மிச்சம், கேட்க இனிக்கும். ஆனால் வங்கி வட்டி சோரா என்ற சந்தை வட்டி அளவுகோலைப் பிடித்துப் போகும், சோரா பெரும்பாலும் அமெரிக்க வட்டியைப் பிடித்துப் போகும். புலி சொன்ன மாதிரி நாணய ஆணையம் மாற்று விகிதத்தைப் பார்ப்பதால் வட்டி வெளியிலிருந்து வருகிற காற்று. மூன்று மாத சோரா 2023ல் 3.7ஐ ஒட்டி இருந்தது. கடன் வட்டி 4க்குப் போனால் அதே கடனுக்குத் தவணை 2,375.

வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறலாம், வங்கியிலிருந்து வீவகவுக்குத் திரும்ப முடியாது. வங்கிக் கடன் என்றால் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமும் வேண்டும்.

தகுதிக் கணக்கை அவர்கள் 2.6ல் போட மாட்டார்கள், வீவக கடனுக்கு 3 விழுக்காட்டில் போடுவார்கள். அப்படியானால் தவணை 2,134. அது குடும்பத்தின் மொத்தச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆக இருவருக்கும் சேர்த்து 7,100 வெள்ளிக்கு மேல் வேண்டும், முதலாளி மசேநி சேர்க்காமல்.

---

செங்காங்வாசி

வருமானம் அதற்கு மேலேதான். இருவர் சம்பளமும் சேர்ந்தால்.

---

ஜூரோங் அக்கா

'இருவர் சம்பளமும் சேர்ந்தால்'. அங்கேதான் என் கேள்வி தம்பி. உங்கள் மனைவி நிரந்தர வேலையா, ஒப்பந்தமா?

---

செங்காங்வாசி

ஒப்பந்தம் அக்கா. இரண்டு வருடம். அடுத்த வருடம் நடுவில் முடிகிறது.

---

ஜூரோங் அக்கா

அப்படியென்றால் ஊர் வேலையின்மை 2ஆ 3ஆ என்பதைவிட அந்தத் தேதி முக்கியம். ஒருவர் சம்பளத்தில் ஆறு மாதம் தவணை கட்ட முடியுமா என்று போட்டுப் பாருங்கள். தவணையில் எவ்வளவு மசேநியிலிருந்து போகும், எவ்வளவு கையிலிருந்து என்று பிரித்து. வேலை போனால் மசேநியில் புதுப் பணம் சேராது, தவணை நிற்காது. சாதாரணக் கணக்கு முழுவதையும் முன்பணத்துக்குத் துடைக்காதீர்கள். 20,000 வரை அங்கேயே விட்டுவைக்க அனுமதி இருக்கிறது. நாங்கள் அன்று விட்டுவைத்திருந்ததுதான் அந்த மாதங்களில் தவணைக்கு ஓடியது.

2025 ஏப்ரலிலிருந்து ஒரு உதவி இருக்கிறது, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500, போகப் போகக் குறையும். முந்தைய சராசரிச் சம்பளம் 5,000க்குள் இருக்க வேண்டும், வேலை தேடுவதைக் காட்டவும் வேண்டும். இருக்கட்டும், ஆனால் 2,040 வெள்ளித் தவணையை அதை நம்பி எடுக்காதீர்கள்.

---

உட்லண்ட்ஸ் மாமா

அக்கா பேசுவது பேச்சு. அரசு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வந்த மாதம் எல்லாரும் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் ராஜா மாதிரி தள்ளுவண்டி தள்ளுகிறோம், தீர்ந்த மாதம் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வீட்டுத் தவணைக்குப் பற்றுச்சீட்டு கிடையாது.

---

சாவிக்கொத்து

சரி, என் தொழிலுக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன். விற்பவர் அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். குறியீடு நிற்கிற காலத்தில் ஒரு வீடு போனால் இன்னொன்று வரும். 2021ல் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். முதலில் வீவக தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று அதிலேயே வந்துவிடும். அது இல்லாமல் விற்பவரிடம் முன்பதிவுத் தொகை கொடுக்கவும் முடியாது.

---

செங்காங்வாசி

நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து போட்டோம். என் சம்பளம் மட்டும் என்றால் 600,000 கழுத்தைப் பிடிக்கிறது, 520,000 என்றால் மூச்சு விடலாம். நாலறையை விட்டு மூன்றறை பார்க்க அவளுக்கு மனமில்லை. அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று மேலாளரிடம் வெளிப்படையாகக் கேட்கப் போகிறாள். தகுதிக் கடிதத்துக்கு இன்று விண்ணப்பித்துவிட்டோம். கொஞ்சம் பழைய புளோக்குகளில், குத்தகை குறைவாக உள்ள வீடுகளையும் பார்க்கலாமா என்று யோசனை. அப்பாவுக்குத்தான் '99 வருடத்தில் எத்தனை போச்சு' என்ற கவலை.

---

பொங்கோல் புதுவரவு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், முழு இழையையும் படித்தேன். ஒரு சின்னச் சந்தேகம். மறுவிற்பனைக் குறியீடு காலாண்டு முடிந்த உடனே ஒன்று வருகிறது, அப்புறம் அதே மாதக் கடைசியில் இன்னொன்று வருகிறது. சில சமயம் எண் மாறுகிறதே, எதை எடுப்பது?

---

புள்ளிப்புலி

முதலில் வருவது முன்னோட்ட மதிப்பீடு, காலாண்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்புவரை பதிவான விற்பனையை வைத்து. நாலாம் வாரம் வருவது முழுக் கணக்கு. பெரும்பாலும் 0.1, 0.2தான் மாறும். வாங்குகிறவர் குறியீட்டைவிட வீவக தளத்தில் தன் புளோக்கின் கடைசி ஆறு மாத விற்பனையைப் பார்ப்பது மேல். மாடி, பரப்பளவு, மீதிக் குத்தகை எல்லாம் அங்கே இருக்கும். செங்காங்வாசி அப்பாவின் கேள்விக்கும் அங்கேயே பாதி பதில் கிடைக்கும். குத்தகை விஷயத்துக்கு வேறு இழை தொடங்குங்கள், அது தனிக் கதை.